மலை வலது கைப்பக்கம்

வேனை ஓரங்கட்டிவிட்டு அப்பாதுரை செல்போனைத் திருப்புகிறார். நேராக, பக்கவாட்டில், பிறகு தலைகீழாக. திரையில் மலை வலது கைப்பக்கம் வந்ததும் "ம், இப்போ சரி" என்று கிளம்புகிறார்.

கீழ்பென்னாத்தூரில் வாடகை வேன் ஓட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும். ரமணாசிரமம் பக்கத்து பிரவுசிங் சென்டரில் திருவண்ணாமலை மேப்பைத் துண்டு துண்டாகப் படமாக்கி, போனில் ஏற்றி வைத்திருக்கிறார். மகன் கல்யாணப் படங்களுக்கு நடுவே அவை கிடக்கின்றன. மாலையும் கழுத்துமாக நிற்கும் மருமகளைத் தாண்டித்தான் காஞ்சி ரோட்டுக்குப் போக முடியும்.

"இது வெறும் படம்ங்க. நாம எங்க நிக்கிறோம்னு சொல்லாது. மலையப் பாத்து நாமதான் தெரிஞ்சிக்கணும்."

சின்ன வயதிலிருந்து கிரிவலம் போய்ப் போய், மலை வலப்பக்கம் இருந்தால்தான் அவருக்குத் திசை பிடிபடும். படத்தையும் அப்படியே பார்ப்பார்.

பௌர்ணமி ஒன்றில் அந்தப் பழக்கம் காலை வாரியது. வேனில் எங்கள் தெருக் கஸ்தூரியும் அவர் மகள் நந்தினியும் இருந்தார்கள். துணைக்கு நான், பின் சீட்டில். செங்கம் சாலையில் திருவண்ணாமலையைத் தாண்டி இருக்கும் கல்லூரியில் நந்தினிக்குக் கடைசி அரியர் பரீட்சை. விட்டால் பட்டம் அடுத்த வருஷம்தான். ஊருக்குள் நுழையும் முன்பே, கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் மறித்துவிட்டது. தெற்கே சுற்றலாமென்றால் வழியெல்லாம் பஸ்கள். அப்பாதுரை வடக்கே கிராமத்து ரோடுகளில் புகுந்தார். இப்போது மலை இடப்பக்கம்.

அவரோ போனை வழக்கம்போலத் திருப்பிக்கொண்டார். படத்தில் ரோடு மலையை நோக்கி, வலதுபக்கம் திரும்பியது. வண்டியையும் வலதுபக்கம் ஒடித்தார். மலையை விட்டு விலகிப் போன பாதை ஏரிக்கரையில் போய் முடிந்தது.

"இன்னாண்ணா, ஏரிக்குள்ள எறக்கப் போறீங்களா? எம் பொண்ணு மீன் புடிக்கவா படிச்சா?" என்றார் கஸ்தூரி.

"மலை எடம் மாறிப்போச்சும்மா."

"மலை எங்கயும் போவல. நீங்கதான் போறீங்க."

நந்தினி ஹால் டிக்கெட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அப்பாதுரை வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் பிரிவு ரோட்டுக்கே வந்தார். இறங்கினார். போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மலை வலப்பக்கம் வந்துவிட்டது. படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தவர், வலது கையை நீட்டி, அந்தக் கை காட்டிய ரோட்டை எங்களிடம் காட்டினார். "இதாங்க. மலைப் பக்கமா போற ரோடு."

"எதுக்குண்ணா ரிவர்ஸ்ல நிக்கிறீங்க?"

"ஏறும்மா, அப்பறம் திட்டு."

செங்கம் சாலை வந்தது. கல்லூரிக் காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். நந்தினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, மிச்சமிருந்த இடைவெளியில் உள்ளே போய்விட்டாள். கேட் மூடியது. கஸ்தூரி வேன் படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்பாதுரை போனின் பின்மூடியைக் கழற்றி, சுட்டுக்கொண்டிருந்த பேட்டரியை உள்ளங்கையில் போட்டு, குழந்தைக்குச் சோறு ஆற்றுவதுபோல ஊதிக்கொண்டிருந்தார்.