வளையல் கீறியும் வலிக்கவில்லை

என் வளைகாப்பில் ஒரு கண்ணாடி வளையல் உடைந்தது. சோப்புத் தண்ணீர் தடவி அம்மா என் இடது கையில் ஏற்றிய வளையல். மணிக்கட்டைக் கிழித்து ரத்தம் கொட்டியது. எதிரே இருந்த நாத்தனார் அலறிய பிறகுதான் நான் குனிந்தே பார்த்தேன்.

"ஐயோ, பொடவையில படாம பாரு!" என்றாள் அம்மா.

பட்டில் ரத்தம் பட்டால் போகாது, எனக்கும் தெரியும். அந்தப் புடவையை நெய்ததே நான்தான். ஆனாலும் அம்மா அப்படிச் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நாத்தனார் கற்பூரம் ஏற்றித் திருஷ்டி கழித்தாள். எண்ணிக்கை குறையக் கூடாதென்று பெரியம்மா வேறு வளையல் போட்டாள். "எனக்கு வலிக்கவே இல்லம்மா" என்று இரண்டு முறை சொன்னேன்.

"நல்லதுதானே. வாய மூடிக்கினு உட்காரு."

ஒரு மாதமாகவே இரண்டு கையும் சரியில்லை. தறியில் பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட முடியவில்லை. இழை விரலில் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. "புள்ளத்தாச்சி தறிக்குழியில உட்கார்ந்தா மரத்துத்தான் போவும். நாலு பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?" என்று அம்மா என்னை எழுப்பிவிட்டாள். டாக்டரம்மா, "கர்ப்பத்துல இதெல்லாம் சகஜம்மா" என்று சத்து மாத்திரை எழுதினார். தோசைக்கல்லில் கை வைத்துக் கொப்புளம் வந்தபோதும் திட்டு எனக்குத்தான்.

அன்று மாலை காயத்துக்குத் தையல் போட்ட நர்ஸ்தான் கையை நிறுத்தினார். "ஊசி குத்துறேன், நீ பாட்டுக்குப் பேசிக்கினு இருக்கியேம்மா?"

அதன்பிறகுதான் எம்.ஆர்.ஐ. கழுத்தில், தண்டுவடத்துக்குள்ளேயே நீர்க்கட்டி. முக்கிப் பெறக் கூடாது என்று வயிற்றைக் கிழித்துத்தான் மகளை எடுத்தார்கள். பிறகு கட்டிக்கும் ஆபரேஷன். இரண்டு கையிலும் போன உணர்ச்சி திரும்பவில்லை. "இன்னும் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆபரேஷன் செய்த டாக்டர் ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இப்போது மகளைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டும்போது, ஒவ்வொரு சொம்புத் தண்ணீரையும் முதலில் என் பாதத்தில் ஊற்றிப் பார்க்கிறேன். காலுக்குச் சூடு தெரிகிறது.

"எதுக்குடி இந்தக் கூத்து? கைய விட்டுப் பார்த்தா ஆவாதா? அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்றாள் அம்மா.

ஈரக் கையை அவளிடம் நீட்டினேன். "கிள்ளிப் பாரு."

கிள்ளினாள். என் முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கிள்ளினாள். தழும்புக்குப் பக்கத்தில் நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. நான் மறு கையால் மகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மா அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.