ஆயுத பூஜைக்குக் கழுவிய பீப்பாய்

என் வாழ்க்கையில் நான் செய்த கொலை ஒன்றே ஒன்றுதான். அதையும் குளித்து முழுகி, பக்தியோடு செய்தேன்.

அறுபதுகளின் நடுவில் தாராவியில் ஒரு தகரக்கூரை அறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வேலை என்றால் தினக்கூலி. சாணியிலிருந்து அடுப்பெரிக்கிற வாயுவை எடுக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. அதற்குச் சாணி கரைத்துக் கொடுக்கிற ஆள் இவர். சந்தில் எல்லோரும் ‘சாணி ஆபீசர்’ என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவரோ, “ஆபீசர்னுதானளா சொல்லுதாங்க, விடு” என்று சிரிப்பார்.

எங்கள் அறையில் கரி போடுகிற சிக்டி அடுப்பு. புகை போக ஒரு ஜன்னல் கிடையாது. பற்றவைத்தால் போதும், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும், இருமல் பிடித்துக்கொள்ளும். இவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் அங்கிருந்த பெரிய சாரிடம் போய், “ஒரு பீப்பாயை எங்க வீட்டுப் பக்கம் வச்சுப் பாப்பமா சார்?” என்று கேட்டுவிட்டார். சார் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருக்கும் ஒரு யோசனை இருந்தது. பீப்பாய்க்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வெயிலில் வைத்தால், குளிர் மாசத்திலும் வாயு குறையாமல் வருமா என்று அவர் பார்க்க வேண்டும். “குளிர் முடியறவரைக்கும் இது ஓடிடுத்துன்னா, உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்” என்றாராம். அன்றைக்கு இவர் பஸ்ஸுக்கு நிற்கப் பொறுக்காமல் செம்பூரிலிருந்து நடந்தே வந்து இதை என்னிடம் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் நல்ல வெயில் விழுகிற இடம் ஒன்றுதான், தபேலா என்கிற எருமைத் தொழுவத்துக்குப் பின்னால். பெண்கள் அங்கேதான் துணி காயப்போடுவார்கள். பக்கத்து வீட்டு மயினியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஒன் வீட்டுக்காரன் வேலைக்குத்தானளா? வச்சுக்கோ. எங்க சேலை ரெண்டு நாள் கூடக் காஞ்சா என்ன கொறஞ்சா போயிருவோம்?” என்றாள்.

மழை ஓய்ந்ததும் பீப்பாய் வந்தது. பெரிய பீப்பாய்க்குள் சாணிக் கரைசல், அதற்குள் கவிழ்த்துப் போட்ட சின்ன பீப்பாய். வாயு சேரச் சேரச் சின்னது மேலே எழும்பும். தினமும் காலையில் ஒரு குச்சியால் அளந்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் இவர் வேலைக்குப் போவார். மூன்றாம் வாரம் ஒரு சாண் எழும்பிவிட்டது. பிள்ளை முதன்முதலாகத் தலை தூக்குவதைப் பார்க்கிற மாதிரி ரெண்டு பேரும் நின்று பார்த்தோம். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை.

பூஜை கழிந்ததும் சார் வந்து பற்றவைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆயுத பூஜையன்று சந்தே கழுவலும் துடைப்பும், எங்கே பார்த்தாலும் ஃபினாயில் வாடை. தோல் பட்டறையில் கத்திக்குக் குங்குமம், தையல்காரர் மிஷினுக்கு மாலை. என் வீட்டுக்காரருக்கு ஆயுதம் எது? பீப்பாய்தானே. அவர் செம்பூரில் பூஜைக்குப் போயிருந்தார். நான் தேங்காய் நாரை வைத்துப் பீப்பாயைத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தேன். எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது, நாற்றம் ஒன்றைத் தவிர. சாமி வந்து நிற்கிற இடம் இப்படியா நாறுவது? சாணி ஊற்றுகிற குழாயில் அரை பாட்டில் ஃபினாயில் ஊற்றினேன். போதவில்லை என்று மீதியையும் ஊற்றினேன். பொரிகடலை படைத்து, “அவுக வேலைய நெலைக்கப் பண்ணு தாயே” என்று கும்பிட்டேன்.

சாயங்காலம் இவர் வந்து குங்குமத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பீப்பாய் எழும்பவே இல்லை. தண்ணீர் கூடிவிட்டதா, கரைசல் கெட்டியா என்று இவர் தவித்தார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். ஒரு வாரம் போயிருக்கும். ஒரு காலையில் குச்சியை வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: “உள்ள உயிரு இருக்குளா. கண்ணுக்குத் தெரியாத சீவன். அது சாணியைத் தின்னுதான் வாயு விடுது. நான்தான் என்னமோ பண்ணிக் கொன்னுட்டேன்.”

“அது எதுல சாவும்?” என்று கேட்டேன்.

“ஃபினாயில் மாதிரி எதும் பட்டா ஒரேயடியாச் செத்துரும். இங்க அத யாரு ஊத்தப் போறா?”

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். “முழுப் பாட்டிலா?” என்று மட்டும் கேட்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி. சார்ட்ட நான் பேசிக்கிடுதேன்” என்றார். கன்னத்தில் ரெண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் சாரே வந்தார். சந்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். சார் குங்குமம் வைத்த பீப்பாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “உங்க வீட்டுக்காரர் கைதவறி ஃபினாயிலை விட்டுட்டேங்கறார். இவ்வளவு நாள் பழகினவர். இவரைப் பர்மனென்ட் பண்ணுங்கோன்னு நான் எந்த முகத்தோட எழுதறது?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபமெல்லாம் இவர் மேல்தான்.

“அவுக ஊத்தல சார். நான்தான் ஊத்துனேன். ஆயுத பூசைக்கு, நாறுதேன்னு. முழுப் பாட்டில்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். எந்த அளவு பாட்டில், எத்தனை நாளில் எழும்புவது நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “வேற என்னவெல்லாம் விட்டிருப்பேள்?” என்றார். சோப்புத் தண்ணி, சீயக்காய், சலவை நீலம் என்று நான் சொல்லச் சொல்ல, மயினியும் சேர்ந்துகொள்ள, எல்லாவற்றையும் எழுதினார்.

“லேப்ல எவனும் பீப்பாயைக் குளிப்பாட்ட மாட்டான்” என்றார். “வீட்டுல வச்சாத்தானே இதெல்லாம் தெரியறது. அலம்பிட்டு மறுபடி ஆரம்பியுங்கோ.” போகும்போது இவர் தோளைத் தட்டி, “நீ சொன்ன பொய்யை மட்டும் எழுதிக்கலை” என்றார்.

அவர் தலை மறைந்ததும் இவர் கேட்டார்: “எதுக்குளா சொன்ன?”

“நீங்க எதுக்குச் சொன்னிய?”

ரெண்டு பேருக்கும் பதில் தெரியும்.

மார்கழிக் குளிரில் ஒரு நண்பகல், பீப்பாய் மறுபடி எழும்பியிருந்தது. தீக்குச்சியை இவர் என் கையில் கொடுத்தார். கிழித்து, வாயு வருகிற குழாய் முனையில் வைத்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. “எரியலையே” என்று அழ ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்து மெல்லப் பக்கத்தில் கொண்டுபோனார். சுரீரென்று சுட்டது. சுட்ட விரலை அவர் வாயால் ஊதினார். சந்தே பார்த்துக்கொண்டிருந்தது, கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை அந்த மனிதர்.

அந்தக் குளிர் முழுதும் பீப்பாய் ஓடியது. சார் எழுதினார், இவருக்கு வேலை நிரந்தரமானது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இவர் காலையில் ஃபினாயில் பாட்டிலைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார். பீப்பாயைக் கழற்றி எடுத்துப்போன பிறகும், நாங்கள் காட்கோபருக்குக் குடிபோன பிறகும், இவர் வேலையில் இருந்தவரை அதை விடவில்லை. ரிட்டயர் ஆன பிறகு, அந்த ஒரு நாள் மட்டும் பாட்டிலைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பார். நான் திட்டுவேன். அவருக்கு அதுதான் வேண்டும்.

இப்போது அவர் இல்லை. ஆயுத பூஜையன்று வீட்டை வெறும் தண்ணீரால்தான் கழுவுகிறேன். பாட்டிலைக் காலையிலேயே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் போய் வாங்கிக்கொள்கிறேன்.