தீட்டு கழியட்டும் என்றார்கள்

கோவில்பட்டியில் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் மனசு மரத்துப்போகும் என்பார்கள். செண்பகவல்லி விஷயத்தில் எனக்கு அது நடக்கவில்லை. அவளுக்கு நேர்ந்ததில் என் பங்கும் உண்டு.

பசுவந்தனைக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. 2008-இல் அவளும் புருஷன் சோலைமுத்துவும் மூன்று ஏக்கர் கரிசல் புஞ்சை பேசி முடித்தார்கள். பணம் அவளுடையது. அவளுடைய அய்யா கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலியும் வளையலும் விற்ற பணம், அதோடு பத்து வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கிச் சேர்த்த கூலி. பத்திரத்தை இருவர் பேரிலும் எழுதி வைத்திருந்தேன்.

கிரயத்துக்கு ஒன்பது நாள் முன்னால் அவளுடைய அய்யா இறந்துபோனார். பதினாறு கழியாமல் நிலம் வாங்கக் கூடாது என்றார்கள். அதுவரை பொறுத்தால் அக்ரிமெண்ட் கெடு தாண்டிவிடும். மகளுக்குத்தான் தீட்டு, மருமகனுக்கு இல்லை, அவர் பேரில் முடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு அவள் பேரை எடுத்துவிட்டு எழுதினேன். பதிவு ஆபீஸ் படியில்கூட அவள் ஏறவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் நின்றாள்.

"பொறவு எம்பேரைச் சேத்துரலாம்லா அண்ணாச்சி?"

"சேத்துரலாம் தாயி."

முடிந்த பத்திரத்தில் பேர் சேர்க்க முடியாது, புதிதாக இன்னொன்றுதான் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அழுத முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வருஷந்தோறும் புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடப்பாள். உளுந்து, பாசி, பிறகு மக்காச்சோளம். 'எங்க அய்யா புஞ்சை' என்றுதான் சொல்லுவாள். பேர் சேர்க்கிற பேச்சை எடுத்தால் சோலைமுத்து, இந்த வெள்ளாமை வீடு வரட்டும் என்பான். பதிமூன்று வெள்ளாமை வீடு வந்தது.

2021-இல் அவளே பட்டா நகலோடு என்னிடம் வந்தாள். கம்ப்யூட்டரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். கடைசி வரி எனக்கு முன்னால் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"இது என்ன அண்ணாச்சி, அடமானம்னு போட்டிருக்கு?"

கயத்தாறில் வட்டிக்குக் கொடுக்கிற ஒருவருக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோலைமுத்து புஞ்சையை எழுதிக்கொடுத்திருந்தான். தன் அண்ணன் கொம்பையா லாரி வாங்குவதற்காக. என்னிடம் வராமல் வேறு ஆளிடம் எழுதியிருக்கிறான்.

"எனக்குத் தெரியாம எப்பிடி முடிஞ்சுது?"

"பத்திரத்துல இருக்கது அவரு பேருதானம்மா. அவரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அன்னைக்குச் சேத்துரலாம்னு சொன்னியளே."

நான் பேனாவை மூடினேன், திறந்தேன்.

மறுநாள் சோலைமுத்துவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் தரையைப் பார்த்தபடி பேசினான். "அண்ணன் கேக்கும்போது முடியாதுன்னு சொல்ல முடியல. இவகிட்டக் கேட்டா மாட்டேன்னுருவா."

"மாட்டேன்னு சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டுன்னு தெரிஞ்சுதான கேக்காம இருந்தீய?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவன் அழுதான். எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

லாரி நஷ்டத்துக்குப் போனது. செண்பகவல்லி மறுபடி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். மூன்று வெள்ளாமையும் கூலியும் சேர்ந்து 2024 ஆடியில் அடமானத்தை மீட்டன. உடனே புஞ்சையைத் தன் பேருக்கு மாற்றித் தானசெட்டில்மெண்ட் எழுதச் சொன்னாள். புதன்கிழமைக்கு டோக்கன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொம்பையா மாரடைப்பில் இறந்துபோனார்.

சோலைமுத்து போன் செய்தான். "பதினாறு கழியட்டும் அண்ணாச்சி. சொந்தக்காரவ எல்லாரும் அதைத்தான் சொல்லுதாவ." சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். பிறகு, "ஒம் பொண்டாட்டியக் கேளு" என்று வைத்துவிட்டேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். சோலைமுத்து நேரே வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டான்.

"தீட்டோட நான் உள்ள வரமாட்டேன் ஏட்டி. அண்ணன் செத்து நாலு நாளுதான் ஆவுது."

அவள் படியில் ஏறிவிட்டுத் திரும்பினாள்.

"இதே மரத்தடிலதான் எங்க அய்யாவுக்காவ நான் நின்னேன். பதினாறு நாளுன்னாவ, பதினாறு வருசம் ஆயிட்டு. உங்க அண்ணனுக்காவ இன்னொருக்கா நிக்கமாட்டேன். ஏறி வாங்க."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்தான்.

கையெழுத்து, ரேகை, போட்டோ எல்லாம் முடிந்தது. வெளியே வந்ததும், "எம்பேரை ஒருக்கா வாசிங்க அண்ணாச்சி" என்றாள். வாசித்தேன். புருஷன் பேர் மட்டும் போட்டால் போதும் என்று நான் சொல்லியும் கேட்காமல் அவள் எழுதவைத்த வரி அது.

"இசக்கிபாண்டி மகளும் சோலைமுத்து மனைவியுமான செண்பகவல்லி."

அய்யா பேரைக் கேட்டதும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சோலைமுத்து பக்கத்தில் போய் நின்றான், தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாரோம் அண்ணாச்சி. இவுக அண்ணன் துட்டி வீட்ல மதியச் சோறு நான்தான் பொங்கணும்."