கல்யாண நாளுக்குச் சென்னை போனோம்

கல்யாண நாளுக்குச் சென்னை போய் வரலாம் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அரியலூரை விட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருந்தார். லாரி ரிப்பேர் ஆனாலும் எனக்குத்தான் அடி, டிரைவர் வராவிட்டாலும் எனக்குத்தான் அடி. அடிப்பதற்கு முன் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். சுற்றிலும் அவருடைய பங்காளி வீடுகள். நானும் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். காலையில் குழாயடியில் அந்தப் பெண்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும்.

மகளை அரும்பாவூரில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை காலை ரயில் ஏறினோம். அன்று சாயங்காலம் கடற்கரையில் அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து அலைக்குள் கூட்டிப் போனார். அலை இழுக்கும்போது பிடியை இறுக்கினார். அந்தக் கை அப்படியும் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

"ஊருல இருந்தாதான் எனக்குத் தலை சூடாயிருது. இங்க பாரு, எப்படி இருக்கேன்" என்றார்.

நம்பினேன்.

மறுநாள் மதியம் தங்கியிருந்த ஹோட்டலின் கீழேயே சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் கேட்டேன். ஊற்ற வந்த சர்வர், என் வயதுக்காரர்தான், "பேச்சக் கேட்டா நம்ம பக்கம் மாதிரி இருக்கு. எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"அரும்பாவூர்ங்க."

"அட, நான் வேப்பந்தட்டைங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான். எதிரில் இலை மூடப்பட்டது. லிஃப்டில் என்னை மேலே கூட்டிப் போனார். அறைக்குள் வந்து கதவைத் தாழிட்டார். டி.வி. ரிமோட்டைத் தேடினார். அவர் சத்தத்தைக் கூட்டியதுமே நான் சுவரோடு ஒதுங்கினேன்.

முதல் அடி காதில் விழுந்தது. "ஊர் பேரச் சொல்லி இளிக்கிறியா? எவன்டி அவன்?" முடியைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினார். கண்ணாடி விரிசல் விட்டது. என் நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தார். தடுத்த கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்குள்ளேயே கேட்டது.

பழக்கத்தில் மற்றக் கை முந்தானையைத் தேடியது. வாய்க்குக் கொண்டு போனபோதுதான் தோன்றியது: இங்கே என்னை யாருக்குத் தெரியும்?

கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன். அவர் பயந்துபோய் என் வாயைப் பொத்தினார். பொத்திய கையைக் கடித்தேன். உப்புக் கரித்தது. ரத்தம் என்று தெரிந்தும் விடவில்லை. இந்த முறை அவன் கத்தினான். அதற்குப் பிறகு எனக்கு 'அவர்' என்று சொல்ல வரவில்லை.

கதவு இடிபட்டது. அவன் வேறு வழியில்லாமல் திறந்தான். பாதித் தலைக்கு டை பூசிக்கொண்டு, தோளில் பழைய துண்டோடு ஒரு பருத்த அம்மா நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு வந்து பக்கத்து அறைகளில் தங்கியிருந்த கூட்டம் அவருக்குப் பின்னால் நின்றது.

"ஒண்ணுமில்லிங்க, குடும்ப விஷயம்" என்றான்.

"குடும்ப விஷயமா? அந்தப் பொண்ணு மூஞ்சியெல்லாம் ரத்தம். நவுருய்யா."

அந்த அம்மாவைத் தள்ளிவிடப் பார்த்தான். சமாதானம் பேச வந்த மேனேஜரின் மூக்கில் குத்தினான். கல்யாணக் கூட்டத்து ஆண்கள் நாலைந்து பேர் அவனைத் தரையில் அமுக்கி, மேலே உட்கார்ந்துகொண்டார்கள். அந்த அம்மா என்னை அணைத்துக்கொண்டதில் என் சேலையெல்லாம் டை. போலீஸ் அவனைக் கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போடும் வரை தலையைக்கூடக் கழுவாமல் அவர் என்னோடு இருந்தார். மறுநாள் காலை திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் அவர்தான். பெரம்பலூரில் இறங்கி, அரும்பாவூர் பஸ் பிடித்தேன்.

அம்மா அழுதது. அண்ணன் அழவில்லை. "எல்லார் வூட்லயும் நடக்குறதுதான். கொஞ்சம் பொறுத்துப் போ" என்றது.

அவன் ஜாமீனில் வந்ததும் மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சிறுவாச்சூரில் அம்மன் முன்னால் சத்தியம் செய்து கொடுப்பானாம். அண்ணன் ஒத்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்தில் இடிபட்டு எல்லோரும் போனோம். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, இனி கை நீட்ட மாட்டேன் என்று அணைத்தான். வெளியே டீக்கடைக்குப் பக்கத்தில் மாமியார் சொன்னார்: "சரி, பைய எடுத்துக்கிட்டு கார்ல ஏறும்மா."

"நான் வரலைங்க."

"அதான் சத்தியம் பண்ணுனேன்ல? அப்புறம் என்னடி?" என்று கட்டுப் போட்டிருந்த கையையே பிடித்து இழுத்தான். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் பாய்ந்தது. "என் கண்ணு முன்னாடியே இழுக்கிறியா?" செருப்பைக் கழற்றி அடித்தது. கீழே தள்ளி மிதித்தது. டீக்கடை பெஞ்சு கவிழ்ந்து கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. உடைந்த சில்லுகளின் மேல் அவன் உருண்டான். யாராவது ஒருத்தர் அவனை இப்படி அடிக்க மாட்டார்களா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். இப்போது நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஆறவில்லை.

அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு எங்கோ விழுந்துவிட்டது. இப்போது வெறும் கை. காதுக்கு மேலே முடி மறைக்கும் இடம். பிடரி. விலா. சட்டை போட்டால் வெளியே தெரியாத இடங்கள். ஆத்திரத்தில் அடிக்கிறவனுக்கு இவ்வளவு தெரியாது. அது பழகிய கை.

"விடுண்ணே!" என்று நடுவில் போகப் பார்த்தேன். அண்ணி என் தோளைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு கையால் என் மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்தி மறைத்திருந்தாள்.

"இப்ப போவாத. உனக்கும் விழும்" என்றாள். மழை வரும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் கேட்டேன். "எத்தனை நாளா அண்ணி?"

அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே, "தினமும் இல்ல" என்றாள்.

நான் அந்த வீட்டில் இருக்கவில்லை. பெரம்பலூரில் ஒரு போர்ஷன் வாடகைக்குப் பிடித்தேன். மெடிக்கலில் வேலை, மகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அவன்மேல் கேஸ் நடக்கிறது, விவாகரத்துக்கும் போட்டிருக்கிறேன். கை சேர்ந்துவிட்டது, முழுதாக மடக்க வராது.

சில நாட்கள் அண்ணி டவுனில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவாள். அவளிடமும் போலீசுக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாம்" என்பாள். சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள். தாழ்ப்பாளைப் போடச் சொல்லிவிட்டு என் பாயில் படுத்துத் தூங்குவாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிற வரைக்கும் நான் எழுப்புவதில்லை.