துப்பி எறிந்த காஷ்மியரும் சிவப்புக் கயிறு கட்டிய பெப்பரும்

போன மார்ச் கடைசிச் சனிக்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆட்டுக்குத் தலை வாரி இழுத்துவிட்டேன். எழுதும்போதே கை துறுதுறுக்கிறது! காஷ்மியர் சால்வை தெரியும்தானே, அந்தப் பஞ்சு தருகிற ஆடு. என் பேத்தி அபிரா யூனிவர்சிற்றியில் கடைசி வருடம், ஆடு மாடுகளைப் பற்றித்தான் படிப்பு. ஒரு பண்ணையில் ஒரு வருடமாகக் குட்டிகளை நிறுத்து எழுதிக்கொண்டிருந்தவள், "அம்மம்மா, சனிக்கிழமை ஆட்டுக்கு மயிர் வாருறம், கையாள் காணாது, வாறீங்களோ?" என்றாள். கேட்டு முடிக்க முதல் நான் சப்பாத்துப் போட்டுவிட்டேன்.

காலை 7.40க்கு ஸ்காபரோவில் வெளிக்கிட்டோம். லின்ட்சேக்குக் கிட்ட இருக்கிற அந்தப் பண்ணை வாசல் வரை 104 கிலோமீற்றர். வழியில் கோப்பிக்கு நின்றும் 9.25க்குப் போய்விட்டோம். போகவர பெற்றோல் 24 டொலர். பஸ் கிடையாது, கார் வேண்டும்.

வழியில்தான் பிள்ளை விஷயத்தைச் சொன்னாள். பெப்பர் என்று ஒரு குட்டி. பண்ணைக்காரி டெப் அதன் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டாள். சிவப்புக் கயிறு என்றால் திங்கட்கிழமை லொறியில் இறைச்சிக்குப் போகிற ஆடு.

"ஏனாம்?"

"பஞ்சு நூறு கிராமுக்குக் கீழ வாற குட்டியள அவ வச்சிருக்க மாட்டா. இது சின்னன், வராது எண்டு முதலே கட்டிப்போட்டா."

"அனுப்பட்டும். இளசு, கறி நல்லாயிருக்கும்."

"அம்மம்மா!" ஸ்டியரிங்கில் கை இருந்ததால் தப்பினேன். "அது இரட்டைக்குட்டி. தாய்க்குத் தலையீத்து, முதல் பேறு, பால் காணாது. மற்றதுகள் ஏப்ரல்ல பிறந்ததுகள், இது ஜூன்ல. உதெல்லாம் ரத்தத்தில வாறேல்லை, வளர்ந்த விதத்தில வாறது. அது போடுற குட்டியளுக்கு உந்தக் குறை போகாது."

அதற்குப் பிறகு நான் கறிப் பேச்சு எடுக்கவில்லை.

டெப்புக்கு அறுபது இருக்கும், முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. முப்பத்தெட்டு ஆடுகள். பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கு 15 டொலர். எங்களிடம் வாங்கவில்லை, வேலைக்கு வந்தவர்கள் அல்லவா! நான் கொண்டுபோன இரண்டு கிலோ வாழைப்பழத்தை மட்டும் அபிரா காரிலேயே பூட்டிவிட்டாள். கொழுத்த சாப்பாடு கொடுத்தால் பஞ்சு தடித்து விலை விழுமாம், பட்டினி போட்டால் பஞ்சே குறையுமாம். பகல் குறையக் குறையப் பஞ்சு வளருமாம், பகல் நீள அது தானாகக் கழலுமாம். மேலே முரட்டு மயிர், அடியில் பூனைக்குட்டி வயிறு மாதிரி ஒரு மெத்து. அந்த மெத்துத்தான் காசு.

பெப்பரை என்னிடம்தான் தந்தார்கள். நாலு பெண்பிள்ளைகளுக்குத் தலை இழுத்துப் பின்னிய கை இது! இரண்டு இழுவையில் ஆடு கண்ணை மூடிக்கொண்டது. சீப்பில் வந்ததை வழித்து, உருட்டி, "தூ, தூ, தூ" என்று மூன்று தரம் துப்பி எறிந்தேன். திரும்ப வாரினேன். திரும்ப உருட்டி, துப்பி, எறிந்தேன். வாரிய மயிரைச் சும்மா போட்டால் யாராவது எடுத்துச் செய்வினை செய்வார்கள் என்று நாங்கள் செய்வதுதானே. கை பழகியதைச் செய்தது.

"அம்மம்மா, பஞ்சு போடுற பை ஏன் வெறுமனே கிடக்கு?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எறிந்ததெல்லாம் பக்கத்து வைக்கோல் தொட்டிக்குள்! ஆறு ஆடுகள் தலையை விட்டு மென்றுகொண்டிருந்தன. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன். ஒன்று என் சால்வைக் குஞ்சத்தைத் தின்றது, தின்னட்டும்! எறிந்தது ஐந்து உருண்டை, ஐந்தையும் எடுத்துவிட்டேன். ஐந்தாவதை ஓர் ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கினேன்.

டெப் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அபிரா விளக்கம் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "துப்பலையும் சேத்து நிறுக்கேலாதாம், காயவைக்கட்டாம்" என்று பிள்ளை மொழிபெயர்த்தாள். ஹீற்றருக்கு முன்னால் இருபது நிமிடம் காயவைத்து, மிச்சத்தையும் வாரி முடித்து, முரட்டு மயிரைப் பிரித்தெடுத்துத் தராசில் வைத்தோம்.

தொண்ணூற்றிரண்டு.

டெப் தலையை ஆட்டினாள். நூறு என்றால் நூறுதான் என்று அவள் இங்கிலிஷில் சொன்னது எனக்கும் விளங்கியது. பெப்பர் என் கையை நக்கிக்கொண்டு நின்றது.

அபிரா ஒரு வருடமாக நிறுத்து எழுதிய கொப்பியை விரித்தாள். தலையீத்துத் தாய்க்கு, பிந்தி, இரட்டையாகப் பிறந்த பெட்டைகள் போன வருடம் ஆறு. முதலே வாரி நிறுத்த மற்ற ஐந்தும் எண்பது கிராமைத் தாண்டவில்லை. பெப்பரை ஒற்றையாய்ப் பிறந்து பால் முழுதும் குடித்த குட்டியோடு வைத்து நிறுப்பது நியாயமில்லை, இந்த ஆறுக்குள் இதுதான் முதலாவது என்றாள். டெப் கொப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, விரலால் வரி வரியாகப் பார்த்தாள். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன், நூறைத் தாண்டிவிட்டது. பிறகு டெப் கத்தரிக்கோலை எடுத்து வந்து சிவப்புக் கயிற்றை வெட்டினாள்.

அந்தக் கொப்பியின் ஒரு பிரதி டெப்புக்கும் வேண்டுமாம்! என் பேத்தி எழுதியது!

போக நினைக்கிறவர்களுக்கு: மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரைதான் வாருவார்கள், முதலே போன் பண்ணிக் கேளுங்கள். பனி கரைந்து ஒரே சேறு, நல்ல சப்பாத்து வேண்டாம். குஞ்சம் வைத்த சால்வை வேண்டவே வேண்டாம். மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை. வாரும்போது துப்பாதீர்கள்.

கட்டுரை நீளம், எழுத்துப்பிழை அதிகம் என்று சிலர் சொல்வீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புப் படித்தவர்கள் எழுதிய காஷ்மியர் ஆட்டுக் கட்டுரைகளை எல்லாம் எடுத்துப் பக்கத்தில் வைத்து நிறுத்துவிட்டு, அதன் பிறகு சொல்லுங்கள்.