கைகட்டாமல் பேசுவது

யாங்கூனில் எங்கள் கோவில் முற்றத்தில் பிள்ளைகள் கயிறு தாண்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் எட்டு வயது மகளுக்குக் காது கேட்காது. கயிற்றின் ஒரு முனையைப் பிடிப்பதே எப்போதும் அவள் வேலை. அவளுடைய அப்பா மெல்பர்னில் இருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் தாயும் மகளும் அங்கே போகிறார்கள். அதற்காக இருவரும் ஆஸ்லான் படிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் காது கேளாதவர்கள் பேசும் சைகை மொழி அது. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, அங்குள்ள ஓர் ஆசிரியை போனில் வீடியோ வழியாகச் சொல்லித்தருகிறார்.

"சொல்லெல்லாம் தெரியுது தங்கச்சி. பூனை, தண்ணி, சட்டை, எதக் கேட்டாலும் காட்டுவா. ஆனா என்னத் தவிர யாரோடயும் பேசினதில்ல. அங்க போயும் பிள்ளைங்களுக்கு நடுவுல இப்படியே நிப்பாளோன்னுதான் பயமா இருக்கு" என்றார் அக்கா.

சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்கல்லவா கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஒன்று தோன்றிவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. நானும் அந்தப் போன் பாடத்தில் சேர்ந்துகொண்டேன். ஞாயிறுதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். தமிழ் முடிந்ததும் அரை மணி நேரம் ஆஸ்லான் என்று அறிவித்தேன். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், எனக்கு வேண்டாம், நீ வருகிறாயா. ஒரு நாளின் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதானே.

கூட்டமாகச் செய்தபோது பிரமாதம். அக்காவின் மகளே எழுந்து போய்ப் பிள்ளைகளின் விரல்களைத் திருத்தினாள். சரி, இனி உரையாடல் என்று ஒருவனை எழுப்பி, அவளிடம் பேசச் சொன்னேன். எழுந்த வேகத்தில் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டான். பார்வை தரையில். அடுத்தவளும் அப்படியே.

யாங்கூன் பள்ளிக்கூடங்களில் முதல் வாரமே பழக்கிவிடுகிற மரியாதை அது. நானும் அப்படி நின்று வளர்ந்தவள்தான். ஆனால் இந்த மொழியில் கையைக் கட்டினால் பேச முடியாது, கண்ணைத் தாழ்த்தினால் கேட்க முடியாது. அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, 'என்னோடு பேசப் பிடிக்கவில்லையா?' என்று காட்டினாள்.

"கைய எடுங்க" என்றேன். எடுத்தார்கள். பேர் சொல்லி எழுப்பியதும் திரும்பக் கட்டிக்கொண்டார்கள்.

"சயாமா முன்னால கை கட்டாம நின்னா எங்கம்மா அடிக்கும்" என்றாள் ஒருத்தி. டீச்சரை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

'என்ன' என்று கேட்கும்போது புருவத்தைச் சுருக்க வேண்டும் என்றேன். "சயாமாவ மொறைக்கவா சொல்றீங்க?" என்று கவலைப்பட்டான் முதலில் எழுந்தவன்.

"என்னையில்லடா, அவள."

"அவள மொறைச்சா நீங்க திட்டுவீங்களே."

சயாமா அறையில் இருக்கும்வரை இது நடக்காது என்று புரிந்தது. அடுத்த ஞாயிறு அக்காவை ஒரு பானை மொஹிங்கா செய்து தரச் சொன்னேன். அந்த மீன்குழம்பும் நூடுல்ஸும் இருந்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கரண்டியை அக்காவின் மகளிடம் கொடுத்துவிட்டு, நான் வெளியே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

வரிசையில் முதலாவது அதே பையன். பழக்க தோஷம், கை கட்டியிருந்தது. 'மிளகாய் வேண்டுமா?' என்று புருவத்தை உயர்த்திக் கேட்டாள். அவன் பார்வை கிண்ணத்தில். ஒரு கரண்டி மிளகாய்த்தூளைப் போட்டாள். மறுபடி கேட்டாள். இரண்டாவது கரண்டி கிண்ணத்துக்கு மேலே வந்ததும் அவன் கைகள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. 'போதும், போதும்.' அதோடு விடவில்லை. புருவத்தைச் சுருக்கி, 'ஏன் இவ்வளவு?' என்று சண்டைக்கும் போனான். அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். பின்னால் நின்றவர்கள் எல்லாம் கைகளை அவிழ்த்துக்கொண்டு, தங்கள் முறை வருமுன்பே 'எனக்கு வேண்டாம்' என்று காட்டத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் தெரிந்த முகங்கள். மெல்பர்னில் யாரையும் அவளுக்குத் தெரியாது. அதனால் வரும் ஞாயிறு, போனில் அந்த ஆசிரியை தன் மகளை உட்காரவைக்கிறார். அவளுக்கும் காது கேட்காது, வயதும் எட்டு. இங்கே எல்லாருமாகச் சுற்றி உட்காரப் போகிறார்கள். நான் வெளியேதான். முதல் கேள்வியைத் தானே கேட்பதாக அக்காவின் மகள் சொல்லியிருக்கிறாள். என்ன கேள்வி என்று எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறாள்.