வாய் நிறையத் தண்ணீர்

என் மனைவி வசந்தா கல்யாணத் தரகர். இப்போதெல்லாம் ஜாதகத்தோடு பெண்ணும் பையனும் பேசும் வீடியோவும் கேட்கிறார்கள் என்பதால், செல்போனிலேயே பேட்டி எடுக்கக் கற்றுக்கொண்டாள். நான் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அவளுக்கு எடுபிடியும் நான்தான்.

தொழிலில் அவளைக் குறை சொல்ல முடியாது. முதலில் திருவிடந்தைக்குப் போனாள். கல்யாணம் ஆக வேண்டி மாலை போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தவர்களைக் கடற்கரையில் உட்காரவைத்து எடுத்தாள். போட்டுப் பார்த்தால் காற்றுதான் பேசியது. அதன் பிறகு என் ஆட்டோதான் ஸ்டுடியோ. காற்று வரும் பக்கம் ரெக்சின் திரையை இறக்குவாள். வெளிச்சம் முகத்தில் விழும்படி வண்டியைத் திருப்பச் சொல்வாள். லென்ஸைத் துடைத்து, போனை ஸ்டாண்டில் குறுக்குவாட்டில் நிறுத்தி, ஃப்ளைட் மோடில் போடுவாள். காலரில் குட்டி மைக்.

கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள், அது ஒன்றுதான் கோளாறு. ஊரார் வீடியோவில் தன் குரலை வெட்டி எடுத்துவிடுவாள். எங்கள் மகள் திவ்யாவின் வீடியோவில் அதை வெட்டினால் மிஞ்ச ஒன்றுமில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

செங்கல்பட்டு வரன். சரவணகுமார் நல்ல பையன், கைநழுவ விட மனசில்லை. அவன் அம்மா சகுந்தலா போன் செய்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணுக்குப் பேச்சு வரும் இல்ல? வேற ஒண்ணு எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு சொல்றோம்."

வசந்தாவின் முகம் தொங்கிப்போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"இந்த வாட்டி நான் கேக்கறேன். நீ வாய தொறக்காத."

"தானா தொறந்துக்குது. நான் இன்னா பண்ண?"

"வாய் நெறைய தண்ணி ஊத்திக்கினு நில்லு."

மறுநாள் காலை திவ்யா ஆட்டோவில் உட்கார்ந்தாள். வசந்தா கன்னம் உப்பப் போனுக்குப் பின்னால் நின்றாள். படிப்பையும் ஆபீசையும் பற்றிக் கேட்டேன். இவ்வளவு அழகாகப் பேசுவாளா என்று பெற்ற எனக்கே ஆச்சரியம். சமையல் தெரியுமா என்றதும் வசந்தாவின் கண் பிதுங்கியது.

"ரசம் மட்டும்" என்றாள் திவ்யா.

"எந்த மாதிரி வூட்டுக்குப் போவணும்னு ஆசை?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஒரு கேள்வி கேட்டா, நான் பதில் சொல்ற வரைக்கும் காத்துக்கினு இருக்கற வூட்டுக்கு."

வசந்தா தண்ணீரை விழுங்கினாள். அந்தச் சத்தம்கூட மைக்கில் பதிந்திருக்கிறது. போனை நிறுத்தாமலே வண்டியில் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பையன உனக்குப் புடிச்சிகீதா?"

எத்தனையோ பெண்களிடம் கேட்ட கேள்வி. வீட்டில் இருப்பவளிடம் கேட்டதே இல்லை.

திவ்யா யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். வசந்தாவின் உதடு துடித்தது. நான் பாட்டிலை நீட்டினேன். வாங்கி வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, மகள் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

"புடிச்சிகீது."

வசந்தா சிரித்த சிரிப்பில் தண்ணீர் முழுக்கப் போன் மேல். நல்லவேளை, போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மட்டும் வெட்டிவிடலாம் என்று கெஞ்சினாள். திவ்யா கேட்காமல் அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் சகுந்தலாவிடமிருந்து பதில் வந்தது.

"ஞாயித்துக்கிழமை வர்றோம். அன்னிக்காவது சம்பந்தியம்மா தண்ணிய முழுங்கிட்டு எங்ககூட பேசட்டும்."